தெரியும் என்று சொன்ன பெண்

பூவனலிங்கம் பல வருஷம் சென்னைக் கம்பெனிகளில் புரோகிராம் எழுதிவிட்டு கோவில்பட்டிக்கே திரும்பியவர். எட்டயபுரம் ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சிறியதாக மென்பொருள் கம்பெனி நடத்தினார். எல்லாம் ஓரளவு ஓடியது. ஆள் எடுப்பதுதான் பிடிபடவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் பயிற்சி நிலையத்தில் வாங்கிய ஒரே பிராஜெக்டைக் காட்டினார்கள். அதிலிருந்த எழுத்துப்பிழைகூட மாறவில்லை.

ஒருநாள் இரண்டு பேர் வந்தார்கள். பசுவந்தனை மணிராஜ் பல கேள்விகளுக்கு, "தெரியல சார், பாத்துத்தான் சொல்லணும்" என்றான். அவனை அனுப்பிவிட்டார். அடுத்து உள்ளே வந்த இடைசெவல் ப்ரியதர்ஷினி எதற்கும் தயங்கவில்லை. போர்டில் எழுதச் சொன்னதை ஒருமுறைகூட அழிக்காமல் எழுதினாள். இப்படி ஒரு பெண் கிடைத்ததே என்று அவளை எடுத்துக்கொண்டார்.

விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்று. எந்த மூட்டை யாருடையது என்று காட்டும் மென்பொருளை அவள்தான் செய்தாள். விலை ஏறட்டும் என்று அங்கே மிளகாயைப் போட்டுவைத்துக் காத்திருந்த நேசம்மாள் ஆவணியில் தன் மூட்டைகளை எடுக்கப் போனபோது அறை காலியாக இருந்தது. வேறு ஊரில் இன்னொரு நேசம்மாள். மென்பொருள் இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது. இவள் மூட்டைகளும் அவள் கணக்கில் விற்றுப்போய், மிளகாய் லாரி ஏறி எங்கோ போயிருந்தது.

பூவனலிங்கம் போனபோது அந்த அம்மாள் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஏசவில்லை.

"கம்ப்யூட்டர்ல இருக்குன்னு அவிய எடுத்துக் கொடுத்துட்டாவ, அண்ணாச்சி. வருஷம் பூரா பாடுபட்டது. நான் இனி யாருட்ட போய்க் கேக்க?"

நஷ்டத்தைத் தான் தருவதாகச் சொன்னார்.

மறுநாள் ப்ரியதர்ஷினியைக் கூப்பிட்டார்.

"ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா கலந்துரும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"சோதிச்சுப் பாக்கும்போதே கலந்துச்சு சார். எப்படிச் சரிபண்ணன்னு தெரியல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

அவள் கண்ணைத் துடைத்தாள். "தெரியாதுன்னு சொன்ன பையனை அன்னைக்கு அனுப்பிட்டீங்கல்லா சார். நானும் வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டுதான இருந்தேன்."

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. மணிராஜைத் தேடிப் போன் செய்தார். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கம்ப்யூட்டர் வேலையே வேண்டாம் என்றான். அவன் நல்ல வேலைக்காரனா இல்லையா என்பதும் இனித் தெரியப் போவதில்லை.

கிடங்குக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். ஐப்பசியில் பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. ப்ரியதர்ஷினியை வேலைக்கு எடுக்கப் போகிறார்களாம். இண்டர்வியூவில் பிரமாதமாகச் செய்தாளாம். ஆள் எப்படி என்று கேட்டார்கள்.

மிளகாய்க் கதையைச் சொல்ல வாயெடுத்தார். அவள் அழுத முகம் ஞாபகம் வந்தது.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்.

போனை வைத்த பிறகும், தான் செய்தது நல்லதா என்று அவருக்குப் புரியவில்லை.