ஃபாக் லைட்டுக்கு இரண்டு ஓட்டைகள்

மலைமேல் இருக்கும் எங்கள் ஆனைக்கரையில் என் அக்கா ஜீப் ஓட்டுகிறாள். காலையில் எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டுபோய் மேலே ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அழைத்து வருவாள். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மூடுபனிக்குள் எதிரே ஒரு லாரி வந்தது. அவள் அதைப் பார்த்தபோது, அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படத்தின் முகம் தெரிகிற தூரம்தான் இருந்தது. ஜீப்பின் இடது சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. பின்னால் இருந்த பெண்கள் ஒருவரும் கத்தவில்லை. அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றாள்.

ஃபாக் லைட் இல்லாமல் இனி அவர்களை ஏற்றமாட்டேன் என்று அன்றே இரண்டு லைட் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலைக்குள் மாட்டியாக வேண்டும். நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன். 'பனிமூட்டத்தில் எதிரே வந்த வாகனம் தெரியாமல்' என்று தொடங்கும் விபத்துச் செய்திகளை நிறைய எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு பட்டறைக்குப் போனேன்.

பூசை முடிந்து வந்த வெல்டர் பம்பரைத் தட்டிப் பார்த்தார். கனத்த தகட்டில் பெட்டிபோல் செய்த பம்பர். லைட்டை அதன் மேலே பொருத்தினால் தோட்டப் பாதையின் கிளைகள் இரண்டே நாளில் உடைத்துவிடும். முன்தகட்டில் வட்டமாக வெட்டி உள்ளே பதிக்க வேண்டும். எதை வைத்து வெட்டுவது என்பதுதான் கேள்வி.

"கிரைண்டர் நேரா அறுக்கத்தான்க்கா. வட்டத்துல திருப்புனா பிளேடு ஒடஞ்சு மூஞ்சிக்கு வரும்."

"ஒம் மூஞ்சில இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே டிரில்லில் மாட்டும் வட்டக் கட்டர்களை எடுத்துக் காட்டினார். எல்லாம் தண்ணீர்க் குழாய்க்கு ஓட்டை போடும் அளவு. லைட்டின் அகலத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"கேஸ்ல போட்டா ஒரு டீ குடிக்கிற நேரம். ஓரம் கொஞ்சம் பிசிறா இருக்கும், அரத்தால ராவிக்கலாம்."

"அப்ப கேஸே போடு."

அவர் சுடரைப் பற்றவைத்துத் தகட்டில் காட்டினார். இரும்பு சிவக்கத் தொடங்கியபோது பம்பரின் வலது முனையிலிருந்து சீறல் கேட்டது. அங்கே துணி சுற்றிய மரத்தக்கை ஒன்று அடைத்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் புகை வந்தது. வெல்டர் சுடரைப் பின்னுக்கு இழுத்தார். அதே நொடியில் தக்கை பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டறைத் தகரத்தில் மோதியது. அந்தத் துளையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ வெளியே நீண்டு அணைந்தது. சற்றுமுன் நான் அந்த முனைக்கு எதிரில்தான் நின்றிருந்தேன்.

வெல்டர் கேஸை மூடினார்.

"ஏக்கா, உள்ள என்னத்த ஊத்தி வச்சிருக்க?"

"பழைய ஆயிலு. மழைக்குத் துருப்பிடிக்காம இருக்க. இங்க எல்லா வண்டிலயும் ஊத்துறதுதான?"

"எல்லா வண்டியும் எங்கிட்டத் தீ வைக்கச் சொல்லி வரலியே!" கீழே கிடந்த தக்கையை எடுத்துக் காட்டினார். "தக்கை இறுகியிருந்தா பம்பரே வெடிச்சிருக்கும்."

எல்லாரும் செய்வது என்பதால் அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. எல்லாரும் செய்வது தெரிந்தும் அவர் கேட்கவில்லை.

ஆயிலை வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அப்படியும் வெல்டர் கேஸைத் தொடவில்லை. மூலையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் போகாது, கிரைண்டர் பொறிகூட ஆகாது என்றார். மிஞ்சியது சாதாரண டிரில். வட்டம் வரைந்து, கோட்டின்மேல் சிறுசிறு துளைகளை நெருக்கமாகப் போட்டு, இடையில் உள்ளதை உளியால் தட்டி எடுக்க வேண்டும். துளைக்குத் துளை தண்ணீர் விட்டேன். தண்ணீர் ஆவியாகும் சின்னச் சத்தத்துக்கெல்லாம் மூவரும் கையை எடுத்தோம். இருட்டுவதற்குள் ஒரு ஓட்டைதான் முடிந்தது. டிரில் பிட்டுகள் மழுங்கிவிட்டன. ஞாயிறு என்பதால் கடைகளும் இல்லை.

"இப்போதைக்கு ஒண்ண மாட்டிட்டுப் போறியாக்கா?"

"பனியில ஒத்த லைட்டப் பாத்தா எதிர்ல வர்றவன் பைக்குன்னு நெனப்பான். ஒட்டி வந்து ஏறிருவான்." நாளைக்கு வண்டி வராது என்று அந்தப் பெண்களுக்குப் போன் செய்தாள்.

திங்கட்கிழமை காலை, பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பிட்டுகளோடு பட்டறைக்குப் போனோம். பனி சாலைவரை இறங்கியிருந்தது. அதே பெண்களை ஏற்றிக்கொண்டு வேறொரு ஜீப் வந்தது. அதில் ஃபாக் லைட் இல்லை. ஒருத்தி தலையை வெளியே நீட்டினாள்.

"லைட்டு மாட்டியாச்சாக்கா?"

"இன்னும் ஒரு ஓட்டை கெடக்கு. இன்னிக்கு லீவு போடுங்கடி."

"லீவுக்கு நீ சம்பளம் தருவியா?" உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். ஜீப் பனிக்குள் போய்விட்டது.

அக்கா டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை ஓட்டினால் அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. பனியில் மேலே ஏறும் வண்டிகள் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துத்தான் திரும்பும். முதல் வளைவில் ஹாரன் கேட்டது. இரண்டாவதிலும் கேட்டது. மூன்றாவது கேட்கத் தாமதமானது. வெல்டர் உளியைக் கீழே வைத்தார். பிறகு அதுவும் கேட்டது, மிக மெல்லியதாக.

அதற்கு மேலே உள்ள வளைவுகளில் அடிக்கும் ஹாரன் எங்கள் ஊருக்குக் கேட்பதில்லை. அக்கா இன்னும் சிறிது நேரம் நின்றாள்.