சிவப்பு வந்தால் விசில்

கப்பின் பிடியில் வைத்த நெயில்பாலிஷ் புள்ளி காய்வதற்காக உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருக்கிறாள் மருமகள். இந்த வீட்டில் புள்ளி வாங்காத கப் டீ வாங்க முடியாது. அவளுக்கு ஒன்று, கணவனுக்கு இரண்டு, மாமனாருக்கு மூன்று. மூன்று புள்ளியில் சர்க்கரை கிடையாது. நான் வேலைக்கு வந்த வாரமே எனக்கும் நான்கு வைத்துவிட்டாள். துண்டு, சீப்பு, சார்ஜர் என்று எதுவும் தப்பவில்லை. “ஒரே மாதிரி இருந்தா மாறிப்போனதே தெரியாது சிஸ்டரம்மா” என்பாள். பிடியைத் திருப்பிப் பார்க்காமல் அவள் ஒரு வாய் குடித்து நான் கண்டதில்லை.

நான் இங்கே நர்ஸாக வருவது மாமனாருக்காக. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து மறுபடி நடக்கப் பழகுகிறார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மருமகளுக்குச் சந்தோஷம் வந்தால் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பாள். அதனால் அவள் பெயர் கண்டக்டர். “கண்டக்டர் விசில் குடுத்தாத்தான் வண்டி நகரும்” என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுவார் மனிதர்.

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. நாற்காலியில் காலை மடக்கியே உட்காருவாள். கணுக்கால் வீங்குகிறது என்று கண்டித்தால் ஒரு காலைக் கீழே விட்டு மற்றதை மடக்கிக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய ஆபீஸ். ஒரு லேப்டாப், மூடி கழற்றிய இரண்டு சர்க்யூட் போர்டுகள், அவற்றுக்கென்றே ஒரு டேபிள் ஃபேன். வெயில் ஏறினால் மாமனாருக்கு முன்னால் போர்டுக்குத்தான் காற்று.

ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டலாமாம். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் மொத்த இயந்திரமும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நினைப்பு கலையாமல் பார்த்துக்கொள்வது இயங்குதளத்தின் அடியில் இருக்கும் கெர்னல். அதில்தான் இவளுக்கு வேலை. உள்ளே ஓடும் கணினிகளை விருந்தாளிகள் என்கிறாள்.

“ப்ராசஸர் கணக்குப் போட எண்ணை வச்சுக்கற இடம்தான் ரெஜிஸ்டர். சாதாரண ரெஜிஸ்டர்னா கையில ஒரு கப், மாமா. ஒரு தடவைக்கு ஒரு எண். வெக்டர் ரெஜிஸ்டர்னா ட்ரே. ஒரு வரிசை எண்ணை மொத்தமா தூக்கி மொத்தமா கூட்டிடலாம். இந்த ப்ராசஸர்ல ட்ரே இருக்கு. விருந்தாளிங்க கண்ணுல மட்டும் இன்னும் காட்டலை. ஒவ்வொரு கப்பா தூக்கிட்டு அலையுதுங்க, பாவம்.”

“காட்டித் தொலைய வேண்டியதுதானே? பூட்டி வச்சு என்ன பண்ணப்போறே?”

“காட்டிடலாம். ஆனா ப்ராசஸர்ல முறை வச்சு ஒருத்தர் எழுந்து இன்னொருத்தர் உட்காரும்போது, முதல் ஆளோட ட்ரேயை எடுத்து வச்சு, அவர் திரும்பி வந்ததும் அதே கப்பை அதே வரிசையில குடுக்கணும். மாறினா சத்தமே வராது. கணக்கு மட்டும் தப்பாப் போகும்.”

போன முறை அப்படித்தான் போயிற்று. சோதனைக்காக எல்லா ட்ரேயிலும் ஒரே எண்ணைப் போட்டிருந்தாள். ட்ரேயின் பின்பாதி திரும்பி வரவேயில்லை. அங்கே கிடந்தது அடுத்த விருந்தாளியின் எண். இரண்டும் ஒரே எண் என்பதால் எல்லாம் சரி என்று திரை பச்சை காட்டிவிட்டது. அவள் எழுதியதைக் கெர்னலில் சேர்த்தார்கள். எங்கோ யாருடைய கணக்கோ தப்பாகிப்போக, எல்லோரும் படிக்கிற மின்னஞ்சல் குழுவில் அவள் பெயரைப் போட்டே அதை நீக்கினார்கள். அதற்கு மறுநாள்தான் நெயில்பாலிஷ் வாங்கினாள்.

இந்த முறை கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் கறாராக எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நிஜ போர்டில் ஓடிய சோதனை வர வேண்டும்; வராவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போகும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மாமனாரை வாக்கரில் நடத்திக்கொண்டிருந்தேன். சமையலறை வாசல்வரை என்று பேச்சு. மேசையில் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கப்பிலும் வெவ்வேறு எண். திரை பச்சையாயிற்று.

“பச்சை விழுந்துடுச்சே, இன்னும் ஏன் நிக்கறே? எடு வண்டியை!” என்றார் அவர்.

விசில் வரவில்லை. “போன தடவையும் பச்சைதான் மாமா” என்றாள். பிறகு குனிந்து, ட்ரேயின் பின்பாதியை எடுத்து வைக்கிற வரிகளை வேண்டுமென்றே முடக்கினாள்.

“என்னம்மா பண்றே?”

“கெடுக்கறேன்.”

“நல்லா ஓடற வண்டியில பிரேக்கைக் கழட்டறியா?”

“கழட்டினா இடிக்குதான்னு பார்க்கணும். இடிக்கலைன்னா அதுல பிரேக்கே இல்லைன்னு அர்த்தம்.”

மனிதர் வாக்கரில் சாய்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். எனக்கு அது அபூர்வமான ஓய்வு.

மாற்றியதை மறுபடி போர்டில் ஏற்ற நேரம் பிடித்தது. நகத்தைக் கடித்தாள். ஃபேனைப் போர்டின் பக்கம் இன்னும் நகர்த்தினாள். ஒற்றைக் காலில் நின்றாள். மேசையைச் சுற்றி வந்தாள்.

திரை முழுக்கச் சிவப்பு. வரி வரியாகச் சிவப்பு.

அவள் அடித்த விசிலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “தோத்துடுச்சு மாமா! பின்பாதி மொத்தமும் தோத்துடுச்சு! எந்தக் கப் காணோம், யாரோட எண் அங்க உட்கார்ந்திருக்கு, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்குது!”

“தோத்ததுக்கு விசிலடிக்கற ஒரே ஆள் நீதாண்டியம்மா! எங்கே, நானும் பார்க்கறேன்.” சமையலறை வாசலோடு நிற்பேன் என்றவர் மேசைவரை வந்துவிட்டார். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொன்னால் உடனே வலிக்கும்.

முடக்கிய வரிகளைத் திரும்ப உயிர்ப்பித்தாள். மறுபடி பச்சை. பச்சையையும் சிவப்பையும் சேர்த்தே அனுப்பிவிட்டு டீ போடப் போனாள்.

ட்ரேயோடு அவள் வரும்போது லேப்டாப் ஒலித்தது. ட்ரேயை வைத்துவிட்டுப் பாய்ந்தாள். “சிவப்பையும் அனுப்பியதற்கு நன்றி. சேர்த்துவிட்டேன்” என்பதுதான் பொறுப்பாளரின் பதில். உரக்கப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள், இரண்டு பாதமும் தரையில் படிய.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கை நீட்டி ஒரு கப்பை எடுத்தாள். மூன்று புள்ளி.

“கண்டக்டர்! அது என்னோடது! சர்க்கரை இல்லை!”

அவர் கத்தக் கத்த, பிடியைத் திருப்பிப் பார்க்காமலே, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.