வெருகல் முருகனிடம் ஒரு கனடாப் பூச்சிக்கு அர்ச்சனை

பூச்சிக்கு அர்ச்சனையா என்று சிரிக்கிறீர்களே, நான் செய்வித்தவள். அது யுத்த காலம். கனடாவில் படித்த என் தம்பியின் மகள் ஒரு சித்திரை மாதம் தொலைபேசியில் அழுதாள். அந்த நாட்டுச் செடிகளில் சாறு குடிக்கும் ஒரு பூச்சியைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அரிசி மணியளவு, அதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதியதும் இல்லையாம். இரண்டு கோடையாக ஒன்றையும் காணவில்லை. இம்முறையும் அகப்படாவிட்டால் நாலு வருடப் படிப்பு வீண்.

“மாமி, வெருகல் முருகனிட்டச் சொல்லிவிடுங்கோ.”

முருகனுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா? அவள் முன்பு அனுப்பிய பூச்சிப் படத்தைத் தேங்காய், வெற்றிலையோடு பையில் வைத்தேன். காலை ஏழு மணிக்குத் திருகோணமலையில் லோஞ்ச் படகு ஏறினால் மூதூருக்கு ஒரு மணித்தியாலம். கடல் தூக்கிப் போட்டது. பக்கத்திலிருந்த கிண்ணியாப் பெண் குமட்டாமலிருக்க மணந்து பார்க்கச் சொல்லி எலுமிச்சம்பழம் தந்தார்.

மூதூர்ச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் படத்தை விரித்தார். ஆறு கால், சுற்றிவர அம்புக்குறி, ஆங்கிலம்.

“அம்மா, இது என்ன மெஷின்?”

“மெஷின் இல்ல தம்பி, பூச்சி.”

“பூச்சி எங்க?”

“அது தெரியாமத்தானே கோயிலுக்குப் போறன்.”

மேலதிகாரி வந்து படத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டுத் தந்தார். நாற்பது நிமிடம் போனது, பஸ்ஸும் போனது. அடுத்தது பத்தரைக்கு. வெருகலுக்கு நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணித்தியாலக் குழி. கோயில் நடை சாத்தப் பத்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தேன்.

ஐயர் பெயர் கேட்டார். படத்திலிருந்த நீளப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

“வெளிநாட்டு ஆளோ?”

“ஓம் ஐயா, கனடா. ரெண்டு வருசமாக் காணேல்ல.”

அவர் திடுக்கிடவில்லை. அந்த நாளில் அங்கே வந்த அர்ச்சனைத் தட்டுகளில் பாதி காணாமல் போனவர்களுக்குத்தான். “அங்கையும் காணாமப் போகினமோ,” என்றார் மெதுவாக. “நட்சத்திரம்?”

“தெரியாது ஐயா. ஆனியில முட்டை பொரிச்சு வாறது.”

ஐயர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படத்தைக் காட்டினேன். “பிள்ளையின்ர படிப்பு ஐயா,” என்றேன்.

கொஞ்ச நேரம் கால்களை எண்ணினார். “சரி, முருகன்ர கார்த்திகையையே சொல்லுவம்.” நீளப் பெயரை மூன்றாக உடைத்து மந்திரத்துக்குள் சொருகிவிட்டார்.

ஆடியில் பிள்ளைக்குப் பதினொரு பூச்சி அகப்பட்டது. படிப்பும் முடிந்தது.

இப்போது பாலங்கள் உண்டு. திருகோணமலையிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். மத்தியானத்துக்கு முன் போய்விடுங்கள். வெளிநாட்டுப் பெயரென்றால் தமிழில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள்.

அட, இப்போதுதான் நினைவு வருகிறது. அன்று ஐயர் அந்தப் பூச்சிக்கு வேண்டியது தீர்க்காயுள். இவள் பதினொன்றையும் அன்றைக்கே ஸ்பிரிட்டுப் போத்தலில் போட்டுவிட்டாள்.