அக்கா ஏறிய எரிமலை

இந்தச் சுவிஸ் நாட்டு மலைப்பாதைகளில் இருக்கும் மஞ்சள் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை. நடக்க எவ்வளவு நேரமாகும் என்றே சொல்லும். ஸ்டைன் அம் ரைன் ஊருக்கு மேலேயுள்ள காட்சிமுனைக்கு முக்கால் மணி நேரம் என்றிருந்தது. அங்கிருந்து எதிரே தெரியும் எரிமலைக்கு எவ்வளவு நேரம் என்று எந்தப் பலகையிலும் இல்லை. அது ஜெர்மனியில் இருந்தது. அதன் அடிவாரத்தில் ஸிங்கன் நகரின் அகதிகள் விடுதியில் என் அக்கா இருந்தாள்.

அப்போது நான் வின்டர்தூரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி வழக்கு முடியும்வரை நான் சுவிஸை விட்டு வெளியேற முடியாது. கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்த அக்கா தன் மாவட்டத்தைத் தாண்ட முடியாது. ஊரில் பிரிந்து நான்கு வருடமாகியிருந்தது.

ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்: “தம்பி, இஞ்ச ஒரு எரிமலை இருக்கு. செத்ததாம். மேல ஏறி நிண்டா சுவிஸ் தெரியுமாம். ஞாயிறு பன்ரண்டு மணிக்கு நீயும் அங்கால ஒரு மலையில ஏறி நில்லன். நான் கண்ணாடியால வெளிச்சம் அடிக்கிறன்.”

அம்மா வேலைக்குப் போன நாட்களில் என்னை வளர்த்தவள் அவள்தான். எங்கள் ஊர் உள்ளங்கை போலத் தட்டை. பந்தடியில் நான் நேரம் மறந்துவிட்டால், தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் பாதிவரை ஏறி ஊரே கேட்க என் பெயரைக் கூப்பிடுவாள். அதைவிட உயரமான எதிலும் நாங்கள் ஏறியதில்லை.

உணவகத்துச் சமையற்காரன் ருடி தன் காரில் கூட்டிப்போனான். எரிமலை பார்க்க ஆசை என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன். காட்சிமுனையில் மரமேசைகள், நெருப்பு மூட்டக் கல்லடுப்பு. ருடி சொசேஜ் வாட்டினான். நான் கொண்டுபோன ரொட்டியும் சம்பலும் பிரிக்கப்படாமலே கிடந்தன. அவனுடைய தொலைநோக்கியில் எரிமலை தெரிந்தது, உச்சியில் இடிந்த கோட்டை தெரிந்தது. பன்னிரண்டாகும்போது பனிப்புகார் வந்து எல்லாவற்றையும் மூடியது. “ஐயோ!” என்று கத்திவிட்டேன்.

நான் பயப்படுகிறேன் என்று ருடி நினைத்துவிட்டான். “டோட், டோட்,” என்று சிரித்தான். செத்துவிட்டது என்று அர்த்தம். அகதி விசாரணையில் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது நான் பழகிய சொல் அது.

“ஸ்வெஸ்ரர்,” என்றேன். சகோதரி. மலையைக் காட்டினேன். வேறு சொற்கள் வரவில்லை. மேசையருகே வாங்குப் பலகையில் ஏறி நின்று கையை அசைத்தேன். ருடியின் சிரிப்பு நின்றது. அவனும் ஏறி, தோளில் கிடந்த துவாயைச் சுழற்றினான். பக்கத்து மேசைப் பிள்ளைகளும் ஏனென்று தெரியாமலே கையசைத்தார்கள்.

மறுநாள் அக்கா தொலைபேசி எடுத்தாள். “கண்டனியோ?”

“ஓம் அக்கா, வெளிச்சம் நல்லாத் தெரிஞ்சது.”

“பொய் சொல்லாத. கண்ணாடியை நான் விட்டிட்டெல்லோ போனனான்.” பிறகு, “நான் உன்னைக் கண்டனான்டா. வெள்ளைச் சேட்டு,” என்றாள்.

“ஓம்,” என்றேன். நான் போட்டிருந்தது கறுப்பு ஜாக்கெட்.

பயணப் பத்திரம் கைக்கு வர மேலும் இரண்டு வருடங்கள் ஆயின. அக்காவோடு அந்த எரிமலையில் ஏறினேன். உச்சிக்கு வந்ததும் புல்லில் சாப்பாட்டைப் பரப்பினாள்.

“நீ எதில நிண்டனி?” என்று கேட்டாள்.

சுவிஸ் பக்கம் விரலை நீட்டினேன். எல்லாக் காடும் ஒன்றுபோலவே இருந்தது. நான் காட்டிய திசையையே நெடுநேரம் பார்த்திருந்தவள், நான் பக்கத்தில் நிற்பதை மறந்தவள்போல மெல்லக் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.