நான் வெட்டிக் கொடுத்த செவ்விளநீர்

போன வருடம் கந்தசஷ்டிக்கு என் கணவர் ஆறு நாளும் விரதம் பிடித்தார். பின்னேரம் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும்தான் ஆகாரம். ஆனாலும் எங்கள் ஊரான கப்பல்துறையில் ஜிம்முக்குப் போவதை அவர் விடவில்லை.

நான்காம் நாள், தோளில் பாரம் வைத்து நூறு தடவை குந்தி எழும்பிவிட்டு, கால் மடக்க ஏலாமல் வந்தார். நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். மறுநாள் விடிய, "இஞ்சரும், சலம் பிளேன்ரீ நிறத்தில போகுது" என்றார்; சிறுநீர் பால் விடாத தேநீர் போலக் கறுத்திருந்தது.

"அது விரதச் சூடு. இளநி குடியுங்கோ, சரிவரும்" என்று நான்தான் சொன்னேன். வீட்டு வளவில் நின்ற மரத்தில் செவ்விளநீர்க் குலை இறக்கி, அன்று முழுக்க வெட்டிக் கொடுத்தேன். ஆறாம் நாள் காலை முகம் வீங்கிக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "என்ன குடிக்கக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சோதனை முடிவைக் காட்டினார்.

"களைச்ச தசையைச் சாப்பாடுதான் திருத்தும், அம்மா. அது இல்லாமல் பாரம் தூக்கினதில தசை உடைஞ்சு, ரத்தத்தில கலந்து, கிட்னியை அடைச்சுப்போட்டுது. உடைஞ்ச தசையில இருந்து வாற பொட்டாசியத்தையே இதயம் தாங்காது. இளநியிலயும் அதுதான் இருக்கு."

அன்று பின்னேரம், கோவில்களில் சூரன்போர் நடந்துகொண்டிருந்த நேரம், என் கணவரின் இதயம் நின்றுபோனது.

இந்த வருடம் நான் விரதம் பிடிக்கவில்லை. ஆறு நாளும் அந்த ஜிம் வாசலில் போய் நின்று, வருகிறவர்களிடம் "விரதமோ?" என்று கேட்டேன். ஓம் என்றவர்களை மறித்துத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் என்னை ஏசினார். ஏசிக்கொண்டே வீட்டுக்குப் போனார். எனக்கு அது போதும்.