காத்து சாரும் கொதிக்கிற டப்பாவும்

இடது கன்னம் தரையில் படப் படுத்துக்கொண்டு, வலது கையை டாங்க்கின் அடிவயிற்றுக்குக் கீழே விட்டுத் துழாவுகிறார். விரல் நுனிக்குத் திருகு தட்டுப்பட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறார். அரைச் சுற்று. ‘புஸ்’ஸென்று சத்தம் கிளம்பி, துரு நிறத் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகப் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் இறங்குகிறது. தண்ணீர் முடிந்து காய்ந்த காற்றின் குரல் கேட்ட அந்த நொடியே திருகை மூடிவிடுகிறார். ஒரு நொடி தாமதித்தால் நல்ல காற்று வீணாகிவிடுமாம். டப்பாவை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்து, “அரை டம்ளர் இருக்குடா தம்பி. நேத்து மழை பேஞ்சதுல்ல, காத்துல ஈரம், அதான்” என்கிறார்.

அவர் தம்பி என்பது காற்றை அடைத்து வைக்கும் கம்ப்ரசரைத்தான்.

தெருவில் எல்லோரும் அவரைக் ‘காத்து சார்’ என்பார்கள். வயது நாற்பத்தாறு. பகலில் நூலகத்தில் உதவியாளர். அங்கே செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்து, யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால் உதட்டில் விரல் வைத்து, நாற்காலியை இழுப்பவர்களைப் பாவமாகப் பார்த்து, எட்டு மணி நேரத்தை ஓட்டுவார். ஐந்தரைக்கு வீடு திரும்பி, பின்பக்க அறையில் கம்ப்ரசரைப் போட்டதும் அது டமடமவென்று ஊரைக் கூட்டும். காத்து சாரின் முகம் அப்போதுதான் மலரும். அதன் காற்றில் இயங்கும், பேனா அளவே இருக்கும் தெளிப்பானைப் பிடித்துக்கொண்டு சைக்கிள்களுக்கும் ஹெல்மெட்டுகளுக்கும் வண்ணம் அடிக்க உட்காருவார். இலை வரைந்தால் இலைக்கு நரம்பு இருக்கும், நரம்பில் பனித்துளி இருக்கும். தபால்கார அம்மாவின் சைக்கிள் பாரில் அவர் வரைந்த சிட்டுக்குருவியை நிஜமென்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பூனை பதுங்கியதாகத் தெருவில் பேச்சு. அதை அவர் மறுத்ததில்லை.

தம்பிக்கு வாய்த்த கவனிப்பு மனிதர்களுக்கு வாய்ப்பது சிரமம். பெல்ட்டைத் தினமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஒரு விரலளவு இறங்கினால் சரி, அதற்கு மேல் இறங்கினால் ஸ்பேனர் வெளியே வரும். எண்ணெய் தெரியும் கண்ணாடி வட்டத்தில் குனிந்து முகம் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காற்று வடிகட்டியைக் கழற்றிச் சுவரில் தட்டுவார். இதெல்லாம் பதினொரு வருஷமாக ஒரு நாள் தப்பாமல் நடக்கிறது. தலைவலி என்று நூலகத்துக்கு லீவு போட்ட அன்றும் சாயங்காலம் தண்ணீர் இறக்கிவிட்டுத்தான் படுத்தார்.

காற்று விஷயத்தில் மட்டும் மகா கருமி. சைக்கிள் டயரோ பந்தோ யார் கொண்டுவந்தாலும் சிரித்த முகமாக நிரப்பித் தருவார். ஆனால், “சார், அப்படியே சட்டைத் தூசியையும் கொஞ்சம் ஊதி விடுங்களேன்” என்று கேட்டால் போச்சு. “காத்து சும்மாதான் கிடைக்குது. அதைப் புடிச்சு அடைச்சு வெக்கிறதுக்கு என் தம்பி படற பாடு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, ஆணியில் தொங்கும் பிரஷ்ஷைக் காட்டுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், போன மாதம் தங்கை நாலு மாதக் குழந்தையோடு வந்து இறங்கினாள். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. திரும்ப இன்னும் ஐந்து மாதம் ஆகும். தாய்மாமனுக்குத் தலைகால் புரியவில்லை. முன்னறையைக் காலி செய்தார், ஜன்னலுக்கு வலை அடித்தார், தொட்டில் கொக்கியில் தானே தொங்கிப் பார்த்து, அது தாங்குமென்று தெரிந்த பிறகுதான் தொட்டிலை மாட்டினார்.

குட்டிக்கு இரவில் தூக்கம் கிடையாது. பகலில் அரைக்கண் தூக்கம். நிம்மதியாகத் தூங்குவது சாயங்காலம் ஆறு முதல் ஏழரை வரை. தங்கை குளிப்பது, சாப்பிடுவது, கண்ணாடி பார்ப்பது எல்லாமே அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். காத்து சார் வண்ணம் அடிப்பதும் அதே நேரத்தில்தான். விழித்திருக்கும்போது குட்டி மோட்டார் சத்தத்தைச் சட்டை செய்வதில்லை. தூக்கத்தில் கேட்டால் மட்டும் வீடு இரண்டுபடும்.

“அண்ணா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது தானா கத்துது. நான் தலையில ஷாம்பூவோட ஓடி வரேன். ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம். நீயே முடிவு பண்ணு. நான் அத்தை வீட்டுக்குப் போயிக்கறேன்.”

“அப்படிச் சொல்லாதம்மா.”

“பின்னே எப்படிச் சொல்றது? அந்தத் தம்பிதான் உனக்கு ஒசத்தியா?”

காத்து சாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தங்கையை அனுப்புவதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அடுத்த தெரு வெல்டர், பழைய நண்பர், “என் கடையில ஒரு மூலை சும்மாக் கிடக்குது. ஞாயித்துக்கிழமை காலையில வண்டியோட வரேன். உங்க தம்பியை நான் பாத்துக்கறேன்” என்று நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடை ஆறு மணிக்கு மூடிவிடும். ஐந்தரைக்கு வீடு வருகிறவர் அங்கே போய் என்னத்தை வரைவது? தம்பி போனால் சிட்டுக்குருவியும் போய்விடும்.

ஞாயிறுக்கு நாலு நாள் இருந்தது. காத்து சார் கணக்குப் போட்டார். குட்டி தூங்குவதற்கு முன்பே டாங்க்கை நிரப்பி, மோட்டாரை அணைத்துவிட்டால், அடைத்த காற்றை வைத்தே முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் வரையலாம். தெளிப்பான் குடிப்பது கொஞ்சம்தானே. ஆனால் டாங்க் நிறைந்த பிறகும் காற்றழுத்த மீட்டரின் முள் எட்டில் நிற்க மாட்டேனென்றது. யாரும் தொடாமலே ஏழு, ஆறு என்று இறங்கியது. எங்கோ ஒழுகுகிறது. தனியாக இருந்தவரை மோட்டார் எத்தனை முறை ஓடினாலும் அவர் காதுக்கு இனிமையாகவே இருந்ததால், இதை அவர் கவனித்திருக்கவில்லை.

ஷேவிங் பிரஷ்ஷில் சோப்பு நுரை குழைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். மீட்டரின் கழுத்து, ஹோஸ் மாட்டும் இடம், மோட்டார் பக்கத்து வால்வு என்று ஓர் இடம் பாக்கியில்லை. மூன்று நாளில் கம்ப்ரசர் முகச்சவரத்துக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. குமிழி ஒன்றுகூட வரவில்லை. “எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?” என்று தம்பியிடம் கெஞ்சினார். நூலகத்தில் ஒருவர் சமையல் புத்தகம் கேட்டதற்கு வரலாற்றை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தபோது குட்டி அழுதாள். தங்கை, “அண்ணா, கொஞ்சம் புடி” என்று குரல் கொடுக்க, திருகை மட்டும் மூடிவிட்டு, டப்பாவையும் குழாயையும் போட்டது போட்டபடி விட்டு ஓடினார். மறுநாள் மாலை டாங்க்கை நிரப்பி, மோட்டாரை அணைத்து, மீண்டும் நுரையோடு உட்கார்ந்திருந்தார். குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கை பூனைநடை நடந்து வந்தாள்.

“வெல்டர் அண்ணன் போன் பண்ணாரு. காலையில எட்டு மணிக்கு வண்டி வருதாம்.” சொல்லிவிட்டுக் குனிந்தாள். “அண்ணா, இந்த டப்பால தண்ணி ஏன் கொதிக்குது?”

காத்து சார் எட்டிப் பார்த்தார். நேற்றைய தண்ணீரில் மூழ்கிக் கிடந்த ரப்பர் குழாயின் வாயிலிருந்து, குபுகுபுவென்று குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவர் நுரை தடவாத ஒரே இடம் அந்த அடித்திருகுதான்.

“தெனம் நானே என் கையால மூடற எடம்” என்றார். “அங்க போய்ப் பாப்பேனா?”

டாங்க்கைக் காலி செய்தால்தான் திருகைக் கழற்ற முடியும். குட்டி எழுந்துவிடக் கூடாதே என்று குழாய் வாயில் துண்டைச் சுற்றி, கால் மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். முழு டாங்க் காற்று கண்ணெதிரே போவதைப் பார்க்க அவருக்குத் தாளவில்லை. கழற்றியபோது திருகின் தொண்டையில் எள்ளளவு துருச் செதில் சிக்கியிருந்தது. ஒரு நாளாவது தாராளமாக ஊதவிட்டிருந்தால் அது எப்போதோ வெளியே பறந்திருக்கும். பதினொரு வருஷமாகக் காற்றை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, காற்றின் குரல் கேட்ட நொடியிலேயே மூடிமூடி, ஓட்டையை அவரே வளர்த்திருக்கிறார். தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவர் செதிலைத் துடைத்தெடுத்துத் திருகைத் திரும்ப மாட்டினார்.

“இன்னும் ஒரு நாள் பாப்போம்” என்று அவளே வெல்டருக்குப் போன் செய்து வண்டியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தாள்.

ஞாயிறு மாலை அவள் குட்டியோடு மொட்டை மாடியில் இருந்தபோது தம்பி கத்தித் தீர்த்தான். முள் எட்டுக்கு வந்ததும் காத்து சார் சுவிட்சை அணைத்தார். ஆறு மணிக்குக் குட்டி தூங்கினாள். காத்து சார் தெளிப்பானை எடுக்காமல் பத்து நிமிஷம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிலேயே நின்றது. அவருக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். பெயின்ட் நெடி என்பார். ஒரு மஞ்சள் சைக்கிளில் கொடி ஏறியது, இலை விட்டது, பூத்தது. வீட்டில் குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழரைக்குத் தங்கை ஈரத்தலையோடு, விழித்த குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் தெளிவு.

“உக்காந்து சாப்பிட்டேன் அண்ணா. ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். வெல்டர் அண்ணன்கிட்ட வண்டியே வேணாம்னுட்டேன்.”

காத்து சார் தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீர் இறக்கும் நேரம். அவர் திருகைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். ‘புஸ்’ஸென்றால் பயந்துவிடுவாளே.

“இன்னிக்கு வேணாம். நாளைக்கு விட்டுக்கறேன்.”

“தண்ணி தங்கினா துரு புடிக்கும்னு நீதானே சொல்வே?” தங்கை குட்டியோடு மண்டியிட்டு, கையை நீட்டித் திருகைத் திறந்துவிட்டாள்.

புஸ்!

குட்டியின் கண் இரண்டும் அகன்றன. காத்து சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பொக்கைவாய் திறந்து, முதல்முறையாகச் சத்தத்தோடு, வயிறு குலுங்க ஒரு சிரிப்பு வந்தது.

தங்கை மூடினாள். குட்டி திருகையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தங்கை திறந்தாள். மறுபடியும் அதே சிரிப்பு. மூடினாள், திறந்தாள். தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. போவதெல்லாம் நல்ல காற்று. முள் இரண்டுக்கு வந்தது, ஒன்றுக்கு வந்தது. காத்து சார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டார். கடைசியில் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. திருகிலிருந்து ஒரு பெருமூச்சுதான் வந்தது. குட்டியின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

காத்து சார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இரும்மா, அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுடுமா?” என்று குட்டியிடம் சொல்லிவிட்டுப் போய், சுவிட்சைப் போட்டார்.