ஏழாம் தேதி போகவேண்டிய தவணை

ஸ்கூட்டர் எடுத்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தன் பேரில் வண்டி வாங்கியது அதுதான் முதல் தடவை. திருப்பரங்குன்றத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். சம்பளம் ஐந்தாம் தேதி ஏறும். அதனால் மாதத் தவணையை ஏழாம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஃபாரத்தில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

முதல் தவணை வரும் மாதத்தில், ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குக் காதுகுத்து. எங்கள் வீடு இருக்கும் கோச்சடையிலிருந்து இரண்டு வேனில் அழகர்கோவிலுக்குப் போனோம். மொட்டை, காதுகுத்து, கருப்பசாமிக்குக் கிடா, மரத்தடியில் பிரியாணி. மற்ற செலவெல்லாம் கணவர் பொறுப்பு. சமையல் மாஸ்டருக்குத் தரவேண்டிய மீதிப் பணம் மட்டும் என் வங்கிக் கணக்கில் இருந்தது.

கணவரின் அக்காவும் வந்திருந்தார். எனக்கு மதினி. என் வளைகாப்பில் முதல் வளையலை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவர். அதிலிருந்து ஒன்றரை வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. தம்பி மகள் விசேஷம் என்றதும் வந்துவிட்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டார். என் தம்பி மடியில் உட்கார வைத்துக் காது குத்தியபோது குழந்தை அலறிய அலறலில் மேலே இருந்த குரங்குகள் கிளை மாறின. மதினிதான் ஓடிவந்து தூக்கிச் சமாதானம் செய்தார்.

பந்தி முடிந்ததும் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். போனை எடுத்து அனுப்பினேன். பேலன்ஸ் போதாது என்று வந்தது. மறுபடி அனுப்பினேன். அதேதான். பதறிப்போய் மெசேஜைத் திறந்து பார்த்தால், ஸ்கூட்டர் தவணை அன்று காலையிலேயே போயிருந்தது.

“அதுனால என்னக்கா, எனக்கு நாளைக்கு அனுப்புங்க. கூட வந்த பொம்பளைகளுக்குக் கூலி மட்டும் இப்பக் குடுத்துரணும்” என்றார் மாஸ்டர்.

கணவரிடம் வேன் வாடகை மட்டும்தான் மிச்சமிருந்தது. வேர்த்து நின்ற என்னைப் பார்த்துவிட்டு மதினி தன் தம்பியிடம் கேட்டார். “என்னவாம்டா?”

“வண்டித் தவணைய முன்னாடியே எடுத்துட்டாய்ங்களாம்க்கா.”

மதினி கைப்பையைத் திறந்தார். “மொத்தம் எம்புட்டுண்ணே?” என்று மாஸ்டரிடம் கேட்டு, முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

“சம்பளம் வந்ததும் திருப்பித் தந்துருவேன் மதினி” என்றேன்.

“ஏத்தா, ஒன்றரை வருஷம் கழிச்சு வாயத் தொறக்குற, மொதப் பேச்சே கடனப் பத்தியா?”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. “நீயா வந்து பேச மாட்டியான்னுதான் இருந்தேன்” என்றார். நானும் அப்படித்தான் காத்திருந்தேன் என்று சொன்னேன். “சரி விடு. நாளைக்கு பேங்குக்கு நானும் வாரேன். யாரக் கேட்டு எடுத்தாகன்னு கேப்போம்.”

மறுநாள் லீவு போட்டேன். மதினி ஸ்கூட்டரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். முதலில் “மெல்லப் போ, மெல்லப் போ” என்று அலறினார். பாதி வழியில், “அந்த ஷேர் ஆட்டோவ முந்து” என்று ஆரம்பித்துவிட்டார்.

வங்கியில் என்னைப் பேசவே விடவில்லை. “எங்க வீட்டுப் பிள்ள ஏழாந்தேதின்னு எழுதிக் குடுத்திருக்கு. நீங்க எப்படி ஒன்னாந்தேதி எடுக்கலாம்?”

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். “நாங்களா எடுக்கலக்கா. கடன் குடுத்த கம்பெனி கேக்குற தேதியில பணம் இருந்தா போயிரும். இந்தாங்க, ஃபாரத்தப் பாருங்க.” கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். நான் எழுதிய ஏழுக்கு மேல்கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “அட, ஒன்னுன்னுல்ல எழுதியிருக்கு!” என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு நாங்களும் சேர்ந்துகொண்டோம். வரிசையில் நின்றவர்கள் என்ன ஏதென்று எட்டிப் பார்த்தார்கள்.

அப்படியே அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போய், தேதியைத் திருத்தப் புது ஃபாரம் எழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதம் முதல் ஏழாம் தேதிதான் பணம் போகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வைகைக் கரையோரம் மதினிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறார். எதிரில் ஒரு மாடு வந்தால் போதும், ஹாரனை மறந்துவிட்டு வாயாலேயே “தள்ளு, தள்ளு” என்று கத்துகிறார். போன வாரம் முதல் முறையாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்தடி ஓட்டினார். பின்னால் ஓடிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.